உங்களுக்குத் தெரியுமா? ராணுவ ரகசியமும் ஒரு பென் டிரைவும்

● ஏவுகணையோ டாங்கியோ, ராணுவ ஆய்வகங்களில் ரகசிய வேலை நடக்கும் கணினிக்கு இன்டர்நெட் இணைப்பே கொடுப்பதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ‘ஏர் கேப்’ என்று பெயர். ஒயரும் கிடையாது, வைஃபையும் கிடையாது. பிறகு எப்படித் திருடு போகும்? சட்டைப் பையில்தான்!

● 2012-ல் விசாகப்பட்டினத்தில், கடற்படையின் கிழக்குக் கட்டளையகத்தில் அப்படித்தான் நடந்தது. தனித்திருந்த கணினியில் செருகிய பென் டிரைவில் வைரஸ் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டரை உருவாக்கி, வேண்டிய கோப்புகளைத் தேடித்தேடிச் சேர்த்துவைத்தது. அதே பென் டிரைவை இணையமுள்ள கணினியில் செருகியதும் கோப்புகள் சீன முகவரிகளுக்குக் கிளம்பிவிட்டதாக அன்றைய செய்திகள் சொல்லின. அங்கே பென் டிரைவுக்கு ஏற்கெனவே தடை இருந்தது என்பதுதான் வேடிக்கை.

● அமெரிக்காவும் தப்பவில்லை. 2008-ல் மேற்காசிய ராணுவத் தளம் ஒன்றில் யாரோ செருகிய பென் டிரைவ் வழியாக அவர்களின் ரகசிய வலையமைப்புக்குள்ளேயே புழு புகுந்தது. பென்டகன் கொஞ்ச காலம் பென் டிரைவையே தடைசெய்தது. நடந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2010-ல்தான்.

● நம் பக்கத்துக் கதை கூடங்குளம். 2019 செப்டம்பரில் ‘டிட்ராக்’ என்ற உளவு மென்பொருள் அங்கே தெரியவந்தது. அக்டோபர் 29-ல் அணுமின் நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. மாட்டியது நிர்வாக வேலைக்கான ஒரு கணினி. உலையை இயக்கும் வலையமைப்பு தனியாக இருந்ததால் அங்கே எதுவும் ஆகவில்லை. ஏர் கேப் காப்பாற்றிய கதையும் இருக்கிறது!

● 2023 மார்ச்சில் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் விஞ்ஞானிகளைக் குறிவைத்து ஒரு தூண்டில் வந்தது. கே-4 ஏவுகணையின் ‘கிளீன் ரூம்’ பற்றிய பவர்பாயிண்ட் என்று கோப்புக்குப் பெயர். பெயர் ‘.பிபிடிஎக்ஸ்’ என்று முடிவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். உண்மையான வால் ‘.எல்என்கே’. அந்த வாலை விண்டோஸ் காட்டாது. கிளிக் செய்தால் நிஜ ஸ்லைடுகளே திறக்கும். பின்னணியில் உளவு மென்பொருள் இறங்கிக்கொண்டிருக்கும். இதைச் செய்தது ‘சைட்காப்பி’ என்ற ஹேக்கர் குழு என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

● விண்டோஸை நம்பி இருப்பானேன் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2023-ல் ‘மாயா’ என்ற இயங்குதளத்தைக் கொண்டுவந்தது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. கூடவே வரும் காவல் மென்பொருளின் பெயர் ‘சக்கரவியூகம்’. நுழைந்தவன் வெளியே வரக்கூடாது என்ற ஆசைதான்!

● சங்கேதவியல் உள்ளிட்ட சைபர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென்றே சென்னை தரமணியில் ஒரு நிறுவனம் இருக்கிறது: ‘செட்ஸ்’. அப்துல் கலாமின் யோசனையில் 2002-ல் பிறந்தது.

● 2022 பிப்ரவரியில் டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே, 100 கிலோமீட்டருக்கு மேல், ஒளியிழை வழியாகக் குவாண்டம் முறையில் சங்கேதச் சாவி அனுப்பிக் காட்டின. நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால் ஒளித்துகளின் நிலை மாறிவிடும். திருடன் வந்த தடயம் உடனே தெரிந்துவிடும்.

● திருடு போனால் மூடிமறைக்கவும் முடியாது. 2022 ஏப்ரல் 28-ல் வந்த உத்தரவின்படி, சைபர் தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் வேண்டும். அரசு ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அறிவித்த கணினிக்குள் அத்துமீறினால் 10 ஆண்டுகள் வரை சிறை.

● நம் புதுச்சேரிக் கரியமாணிக்கத்துக்கும் ராணுவ ரகசியத்துக்கும் என்ன சம்பந்தம்? டிஆர்டிஓவின் ‘செப்டம்’ தேர்வில் ஐடிஐ முடித்தவர்களுக்கு டெக்னீஷியன் வேலை, டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ படித்தவர்களுக்குத் தொழில்நுட்ப உதவியாளர் வேலை உண்டு. நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர்ப் பிள்ளைகள் விண்ணப்பத்தை ‘டிஆர்டிஓ.ஜிஓவி.இன்’ தளம் வழியாகவே போடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். பிரவுசிங் சென்டரில் செருகிய பென் டிரைவை வீட்டுக் கணினியில் போடும்முன் ஸ்கேன் செய்யுங்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் பணத்தை அனுப்பி ஏமாந்தீர்களா? உடனே 1930-க்கு போன் போடுங்கள்.