கணினிச் சான்றிதழ் எதுவரை கொண்டுபோகும்?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் என்ற சொல் புதிதல்ல. பள்ளியில் சேரச் சாதிச் சான்றிதழ், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ், கல்லூரிக் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாகத் தாண்டித்தான் ஒவ்வொன்றும் கைக்கு வரும். இப்போது அதே பிள்ளைகள் வேறொரு சான்றிதழைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். "சிசிஎன்ஏ முடிச்சா வேலை கிடைக்குமா தோழர்?" "கிளவுட் படிக்கலாமா, டெஸ்டிங் படிக்கலாமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் அரசு கலைக் கல்லூரிகளில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கும் முதல் தலைமுறை மாணவர்கள். பெரிய நிறுவனங்கள் ஆளெடுக்க நகரத்துப் பொறியியல் கல்லூரிகளுக்குப் போகின்றன. சொல்லிவிட மாமாவோ சித்தப்பாவோ கம்பெனியில் இல்லாத பிள்ளைக்கு, தன் கையால் எழுதித் தேறிய ஒரு தாள் துணை வருமா என்பதுதான் கேள்வி.

வரும். ஆனால் எங்கே வரும், ஏன் வரும் என்று தெரிந்துகொண்டு பணம் கட்ட வேண்டும்.

சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனங்கள் தங்கள் பொருளையும் சேவையையும் பங்குதார நிறுவனங்கள் வழியாகவும் விற்கின்றன. அந்தப் பங்குதாரர் அடுத்த படிக்கு ஏற வேண்டுமானால், தன்னிடம் தேர்வில் தேறிய ஊழியர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே தேறிய ஆளை எடுப்பது முதலாளிக்கே லாபம். சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் நெட்வொர்க், சர்வர் பராமரிப்பு, கிளவுட் வேலைகளைச் செய்யும் நடுத்தர நிறுவனங்களில் இந்தத் தாளுக்கு மதிப்பு இருப்பதற்கு இது முக்கியமான காரணம். நிரல் எழுதும் வேலைக்கு இதே மதிப்பு கிடையாது. அங்கே எதிரில் உட்கார வைத்து எழுதச் சொல்வார்கள்; எழுதத் தெரிந்தால் வேலை. அரசு வேலையை நோக்கி இருப்பவருக்கோ இந்த வெளிநாட்டுத் தாள்கள் அநேகமாகப் பயன்படாது. தட்டச்சர் பணிக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் 'சிஓஏ' தேர்வுதான் உதவும்.

எல்லாத் தேர்வும் ஒரே எடையும் அல்ல. ரெட்ஹேட்டின் 'ஆர்எச்சிஎஸ்ஏ' தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. ஒரு கணினியை முன்னால் வைத்து, இதைச் செய்து காட்டு என்பார்கள். என் கணக்கில் அப்படிப்பட்ட தேர்வுக்குத்தான் மரியாதை அதிகம். சிசிஎன்ஏ, ஏடபிள்யூஎஸ் சான்றிதழ்களின் ஆயுள் மூன்றே ஆண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும். மென்பொருள் சோதனைக்கான 'ஐஎஸ்டிக்யூபி' அடிப்படைச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஐந்தாறு தாள் சேர்ப்பதைவிட, ஒன்றை எடுத்து அதில் கைவேலை பழகியவனே நேர்காணலில் நிற்கிறான்.

இனி பணம். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரி சேர்க்காமலே இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும். 2025-26க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அப்படியானால் இந்த ஒரு தேர்வுக்கு ஓர் அம்மா சுமார் 75 நாள் மண் சுமக்க வேண்டும். தோற்றால் மறுபடியும் அதே தொகை. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயைத் தொடாமல் சேர்த்தாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை கல்லூரிக் கட்டணத்துக்கானது. இந்தக் கட்டணம் அதில் வராது. நுழைவு நிலை ஏடபிள்யூஎஸ் தேர்வு 100 டாலர். அதுவும் நமக்குச் சின்னத் தொகை அல்ல.

இந்த இடத்தில்தான் பேருந்து நிலையத்து மாடியில் போர்டு மாட்டியிருக்கும் சில பயிற்சி நிலையங்கள் நம் பிள்ளைகளைப் பிடிக்கின்றன. நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு கடைசியில் தங்கள் நிலையத்தின் பெயரிலேயே ஒரு வண்ணத் தாளை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கம்பெனியில் காட்டினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். சேரும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மூல நிறுவனத்தின் தேர்வுக் கட்டணம் இந்தத் தொகைக்குள் அடங்குமா? ஆம் என்றால் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'டம்ப்ஸ்' என்று கசிந்த கேள்விகளை விற்பவர்களிடமும் போக வேண்டாம். கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்துவிடுவார்கள். கட்டிய பணமும் போகும்.

சரி, தேறியாயிற்று. தாள் கையில் இருந்தால் சாதி ஒதுங்கிக்கொள்ளுமா?

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், உயர்சாதிப் பெயர்களோடு ஒப்பிட்டால் தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். நம் மாநிலத்தில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். அதனால்தான் நேர்காணலில் "சொந்த ஊர் எது, ஊருக்குள்ளேயா காலனிப் பக்கமா, அப்பா என்ன செய்றார்" என்று கேட்கிறார்கள்.

சிசிஎன்ஏ கொடுக்கும் அதே சிஸ்கோவின் மீது, தலித் பொறியாளர் ஒருவரிடம் அங்கே சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாக 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குப் போட்டது. அவர் ஐஐடியில் படித்தவர். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023இல் அந்தத் துறையே திரும்பப் பெற்றுக்கொண்டது. தீர்ப்பு எப்படிப் போனாலும், அமெரிக்க அலுவலகத்திலும் சாதியைப் பற்றி வழக்குப் பேச வேண்டி வந்தது என்பது நடந்த உண்மை. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க ஒரு அறை கிடைக்காததை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதனால் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சலிக்கிற இடத்தில் நம் விண்ணப்பத்தைத் தூக்கிப் போட ஒரு காரணம் குறையும். எனக்கு அதுவே பெரிது.

பணமில்லாதவர்கள் எங்கே தொடங்கலாம்? மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' பாடங்கள் லினக்ஸ், சி, பைத்தான் போன்றவற்றைத் தமிழ் விளக்கத்தோடு இலவசமாகச் சொல்லித் தருகின்றன. ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்குபவர்கள் முதலில் அங்கே போகலாம். சிஸ்கோவின் 'பாக்கெட் ட்ரேசர்' மென்பொருளில் கருவி வாங்காமலே நெட்வொர்க் அமைத்துப் பழகலாம். என்பிடெல் பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. தேர்வெழுத மட்டும்தான் கட்டணம், அதிலும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குப் பாதிச் சலுகை உண்டு. கல்லூரியில் நான் முதல்வன் திட்டப் படிப்பு நடந்தால் வருகைப் பதிவுக்காக மட்டும் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள்.

தாட்கோ நம் இளைஞர்களுக்கு இலவசத் திறன் பயிற்சிகளை நடத்துகிறது. பயிற்சி கொடுத்து வாசல்வரை கொண்டுவந்துவிட்டு, தேர்வுக் கட்டணத்தில் கைவிட்டால் பயன் பாதியாகிவிடும். மூல நிறுவனத் தேர்வுக் கட்டணத்தையும், ஒருமுறை தோற்றால் மறுதேர்வுக் கட்டணத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று மாவட்ட மேலாளரிடம் மனுக் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். மனுவில் பத்து மாணவர்களாவது சேர்ந்து கையெழுத்திடுங்கள்.

தேர்வுக்குப் பதியும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். இந்தத் தேர்வுகளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான். அடையாள அட்டையில் உள்ளதற்கும் பதிவில் உள்ளதற்கும் ஓர் எழுத்து மாறினாலும் தேர்வு மையத்தில் திருப்பி அனுப்பக்கூடும். கட்டிய பணம் திரும்பாது. ஆதாரில் இனிஷியல் ஒருவிதமாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறு விதமாகவும் இருந்தால், பணம் கட்டும் முன்பே இ-சேவை மையத்துக்குப் போய்த் திருத்திவிடுங்கள்.