அளவுகோலுக்கு அகப்படாத ஆற்றல்

கூடைப்பந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது உயரமே. ஆனால், உயரம் மட்டும் ஒருவரைச் சிறந்த ஆட்டக்காரர் ஆக்கிவிடுமா?

அமெரிக்காவின் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் அவை முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். வலிமை குன்றிய அணிகளுக்கே முதல் இடங்கள் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. தேர்வுக்கு முன் வீரர்களின் உயரம், கை நீளம், தாவும் திறன், ஓட்ட வேகம் ஆகியவற்றை அளக்கின்றனர். மருத்துவச் சோதனையும் நேர்காணலும் உண்டு. கல்லூரியில் ஆடிய ஆட்டங்களையும் ஆராய்கின்றனர்.

இத்தனை செய்தும் கணிப்புத் தவறுவதுண்டு. 1984-ஆம் ஆண்டில் இரண்டாம் வாய்ப்பைப் பெற்ற போர்ட்லண்ட் அணி, 7 அடிக்கு மேல் உயர்ந்த சாம் போவியைத் தேர்ந்தெடுத்தது. கால் எலும்புக் காயத்தால் அவர் கல்லூரியில் இரண்டு பருவங்கள் ஆடவில்லை. ஆயினும் அணிக்கு நெட்டையான நடு ஆட்டக்காரர் தேவைப்பட்டார். மூன்றாவதாகச் சிகாகோ அணி எடுத்தவர் மைக்கேல் ஜோர்டன். போவியைக் காயங்கள் தொடர்ந்து வாட்டின. ஜோர்டனோ சிகாகோவுக்கு 6 முறை வாகை சூட்டினார்.

2009-இல் சிறிய கல்லூரியான டேவிட்சனிலிருந்து வந்த ஸ்டீபன் கரி, ஒல்லியானவர் என்று கருதப்பட்டு ஏழாவதாகவே எடுக்கப்பட்டார். 2021-இல் மூன்று புள்ளிக் கூடைகளை மிக அதிகமாகப் போட்டவர் என்ற சாதனையை அவர் படைத்தார்.

அளவுகள் வேண்டாதவை அல்ல. ஆனால், அவை ஒருவரின் இன்றைய நிலையையே காட்டும். நாளைய உழைப்பை அளக்கும் நாடா இன்னும் வரவில்லை. மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும் நாமும் இதை நினைவில் கொள்வோமாக!