உங்களுக்குத் தெரியுமா? பிராசஸரைக் குளிர்விக்கும் சில துளி நீர்
கேமிங் கணினியின் கூலரில் உள்ள செப்புக் குழாய்கள் வெற்றுக் குழாய்கள் அல்ல. காற்றை வெளியேற்றி, சிறிதளவு நீரை மட்டும் விட்டு மூடியவை. உள்ளே அழுத்தம் மிகக் குறைவு என்பதால், அந்த நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே கொதித்து ஆவியாகிறது. வெப்பத்தை அலுமினியத் தகடுகளில் இறக்கிவிட்டு, குழாயின் நுண்துளை உட்சுவர் வழியே நீராகத் திரும்புகிறது.

கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் அவசியம். அது நிரப்பாத இடுக்கில் தங்கும் காற்று, செம்பைவிட 10,000 மடங்குக்கு மேல் மோசமான வெப்பக் கடத்தி!

கேபினெட்டுக்குள் சூடான காற்றே சுற்றினால் இவ்வளவும் வீண். முன்பக்க ஃபேன்கள் உள்ளிழுக்க, பின்பக்க ஃபேன் வெளித்தள்ள வேண்டும். உள்வரும் காற்று சற்றே கூடுதலாக இருந்தால், இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். குளிர்விப்பு போதாவிட்டால் வேகம் குறையும்: எடுத்துக்காட்டாக, ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸரின் வெப்பநிலை வரம்பு 95 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.