வீட்ல விசேஷமா? ஆஸ்பத்திரி பில்லோட சேர்த்து அந்த ஆறு மாதக் கணக்கையும் போடுங்க!

வாழ்த்துகள்! ரெண்டு கோடு வந்தாச்சு, டாக்டரும் உறுதி பண்ணியாச்சு, ரெண்டு வீட்டு அம்மாக்களும் போன்ல அழுது சிரிச்சு முடிச்சாச்சு. அடுத்த கேள்வி, ராத்திரி லைட் அணைச்ச பிறகு உங்க ரெண்டு பேருக்குள்ள வரும்: "செலவுக்கு என்ன பண்ணப் போறோம்?"

இந்தக் கேள்வி வந்ததும் எல்லாரும் விசாரிக்கிறது பிரசவ பில்லைத்தான். நார்மலுக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவுன்னு. அது தெரிஞ்சிருக்கணும், சரி. ஆனா அது ஒரு தடவை வர்ற செலவு. அதைத் தாங்க இன்சூரன்ஸ் இருக்கு, அரசு மருத்துவமனை இருக்கு. குடும்ப பட்ஜெட்டை உண்மையிலேயே ஆட்டிப் பார்க்கிறது வேற ஒண்ணு. சம்பளத்தோட கூடிய விடுப்பு முடிஞ்சு, ஒரே சம்பளத்துல மூணு பேர் ஓட்ட வேண்டிய மாதங்கள் அவை. அதைப் பத்தி யாரும் முன்கூட்டியே பேசுறதில்லை. அதனால இன்னைக்கு அதைப் பேசிடுவோம்.

ஒரு உதாரணக் கணக்கு

சென்னையில வாடகை வீட்ல இருக்கிற ஒரு ஜோடின்னு வச்சுக்கோங்க. கைக்கு வர்ற சம்பளம் அவருக்கு 45,000, அவங்களுக்கு 38,000. மொத்தம் 83,000 ரூபாய். மாதச் செலவு இப்படி:

- வாடகை, மெயின்டனன்ஸ்: 17,000
- பைக் இஎம்ஐ 4,500, கல்யாணத்துக்கு வாங்கின பர்சனல் லோன் இஎம்ஐ 9,500: மொத்தம் 14,000
- மளிகை, காய்கறி, பால், கேஸ்: 13,000
- கரண்ட், இன்டர்நெட், மொபைல்: 3,500
- பெட்ரோல், பஸ், ரயில்: 5,000
- ரெண்டு வீட்டுப் பெரியவங்களுக்கு: 8,000
- வெளிச் சாப்பாடு, ஓடிடி, துணிமணி: 9,500

ஆக 70,000. மீதி 13,000-ல 8,000 எஸ்ஐபி, 5,000 எங்கே போகுதுன்னு தெரியாமலே போகுது.

இப்போ குழந்தைக்கு டயப்பர், டாக்டர், இதர செலவுன்னு மாதம் 6,000 சேருங்க. வெளிச் சாப்பாடு, ஷாப்பிங்கை 9,500-லிருந்து 2,000-க்குக் குறைச்சாலும் மாதச் செலவு 68,500 வருது. விடுப்புக்குப் பிறகு குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லாம, அவங்க இன்னும் ஆறு மாதம் சம்பளமில்லாம வீட்ல இருக்கணும்னா வருமானம் 45,000 மட்டும். மாதம் 23,500 துண்டு விழும். ஆறு மாதத்துக்கு 1,41,000 ரூபாய்! இன்சூரன்ஸ் போக பிரசவ பில்லுல கைக்காசு 60,000 போச்சுன்னா, மொத்தத் தேவை 2,01,000.

பயந்துடாதீங்க. நாலாவது மாதத்துலயே ஆரம்பிச்சா இதைச் சமாளிக்க முடியும். வெளிச் செலவைக் குறைச்சு, எஸ்ஐபியைத் தற்காலிகமா நிறுத்தி வச்சா, ஸ்கேன், மாத்திரை, ஆட்டோன்னு ஒரு 4,000 போனாலும் மாதம் 16,500 மிச்சம். பிரசவம் வரைக்கும் ஆறு மாதத்துல 99,000. சம்பள விடுப்பு இருக்கிற ஆறு மாதத்துல, மாதம் 14,500 வீதம் 87,000. ரெண்டும் சேர்ந்து 1,86,000. இன்னும் 15,000 தான் குறை. அதை ஒரு போனஸ் அடைச்சிடும். ஆனா அதே ஜோடி ஒண்ணும் பண்ணாம இருந்தா, அந்த ரெண்டு லட்சமும் கிரெடிட் கார்டுலயும் இன்னொரு பர்சனல் லோன்லயும் போய் நிக்கும்.

"எஸ்ஐபியை நிறுத்தலாமா?"ன்னு கேப்பீங்க. ஒரு வருஷத்துக்குள்ள தேவைப்படுற பணம் பங்குச் சந்தைப் பக்கமே போகக் கூடாது. அதை ஆர்டி, எஃப்டின்னு பாதுகாப்பான இடத்துல போடுங்க. வேலைக்குத் திரும்பினதும் எஸ்ஐபியை மறுபடி தொடங்கிக்கலாம். ஏற்கெனவே எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தா அதை இதுல சேர்க்காதீங்க. குழந்தையை சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுல வைக்க வேண்டி வந்தா, அந்தப் பணம்தான் கை கொடுக்கும்.

விடுப்பு: தேதியைக் கணக்கு பண்ணி எடுங்க

2017-ல வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட மகப்பேறு விடுப்பு உண்டு. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் அதே 26 வாரம்தான். இதுல பிரசவத்துக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். அந்த 8 வாரத்தையும் முன்னாடியே எடுத்துட்டா, பிறகு மிஞ்சறது 18 வாரம். அதாவது குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போதே ஆபீஸ் கூப்பிடும். உடம்பு ஒத்துழைச்சு, டாக்டரும் சரின்னு சொன்னா, கொஞ்சம் தாமதமா விடுப்பு தொடங்கினா குழந்தையோட இருக்கிற நாள் கூடும். உடம்பு முடியலைன்னா இந்தக் கணக்கை மறந்துடுங்க. வேறெதுவும் அதுக்கு அப்புறம்தான்.

வேலை மாறுற யோசனை இருக்கா? எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்துல, அந்த நிறுவனத்துல 80 நாளாவது வேலை பார்த்திருந்தாதான் இந்த விடுப்புச் சம்பளம் கிடைக்கும். 20% ஹைக்னு ஆசைப்பட்டு ஆறாவது மாதத்துல கம்பெனி மாறுறதுக்கு முன்னாடி இதைக் கணக்குப் போடுங்க.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா, அந்த 26 வாரப் பணத்தை இஎஸ்ஐயே கொடுக்கும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியர்னா 15 நாள். தனியார் துறையில சட்டம் எதுவும் இல்லை, கம்பெனி பாலிசிதான். எச்ஆர்கிட்ட இன்னைக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. இந்த வருஷ லீவை எல்லாம் சேர்த்து வச்சிக்கோங்க.

இன்சூரன்ஸ்: இந்த அஞ்சு கேள்விகளைக் கேளுங்க

தனியா எடுக்கிற ஹெல்த் பாலிசியில பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசியைப் பொறுத்து 9 மாதத்திலிருந்து 4 வருஷம் வரைக்கும் போகும். அதனால இப்போ புதுசா எடுத்து இந்தப் பிரசவத்துக்குப் பயன்படுத்த முடியாது. கை கொடுக்கப் போறது ஆபீஸ் குரூப் பாலிசிதான். அதுல இதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க:

1. பாலிசித் தொகை 5 லட்சம்னாலும், பிரசவத்துக்குன்னு தனி வரம்பு எவ்வளவு? சிசேரியனுக்கு வேற தொகையா?
2. ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கா? அதைத் தாண்டின ரூம் எடுத்தா மத்த பில்லுலயும் விகிதப்படி கழிப்பாங்களா?
3. ஸ்கேன், டெஸ்ட், டாக்டர் கட்டணம் இதுல வருமா?
4. குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே கவர் இருக்கா? பிறந்து எத்தனை நாளுக்குள்ள பேர் சேர்க்கணும்?
5. பிரசவம் பார்க்கப் போற ஊர்ல எந்தெந்த மருத்துவமனையில கேஷ்லெஸ்?

மனைவி பேர் ரெண்டு ஆபீஸ் பாலிசியிலும் இருந்தா, முதல் பாலிசி கொடுத்தது போக மீதியை ரெண்டாவதுல கேட்கலாம். செட்டில்மென்ட் கடிதத்தையும் பில் நகல்களையும் பத்திரமா வச்சிக்கோங்க. கேஷ்லெஸ் இருந்தாலும் அட்வான்ஸ் கேட்பாங்க, கையுறை மாதிரி சில்லறை ஐட்டங்களுக்கு இன்சூரன்ஸ் பணம் தராது. அதனால கையில கொஞ்சம் பணம் வேணும்.

அரசு மருத்துவமனையை "அங்கேயா?"ன்னு ஒதுக்கிடாதீங்க. 2011-ல தொடங்கின மத்திய அரசுத் திட்டப்படி சிசேரியன் உட்பட பிரசவம், மருந்து, பரிசோதனை எல்லாமே இலவசம். தடுப்பூசியும் அப்படித்தான். பிசிஜி, போலியோ, 6, 10, 14-வது வாரத்துல போடுற பென்டாவேலன்ட் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாம போடுறாங்க. தனியார்ல பிரசவம் பார்த்தாலும், தடுப்பூசியை டாக்டர்கிட்ட பேசிட்டு அங்கே போட்டுக்கலாம்.

தலைப்பிரசவம் தாய் வீட்லன்னா...

நம்ம ஊர் வழக்கம் இது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிஞ்சதும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. இதுல பணக் கணக்கு ரெண்டு இடத்துல மாட்டும். ஒண்ணு, மேல சொன்ன கேஷ்லெஸ். சென்னையில இருக்கிற லிஸ்ட்டைப் பார்த்துட்டு, பிரசவம் தென்காசியிலயோ தஞ்சாவூர்லயோ நடந்தா என்ன பயன்? ரெண்டாவது, இன்னும் முக்கியமானது: அந்தச் செலவை யார் பார்க்கிறாங்க?

"முதல் பிரசவம் எங்க பொறுப்பு"ன்னு மாமனார் சொல்லுவார். கௌரவத்துக்காகச் சொல்லுவார். ரிட்டயர் ஆன மனுஷன் அதுக்காக எஃப்டியை உடைக்கிறாரான்னு உங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி பில், பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், குழந்தையைக் குளிப்பாட்ட வர்ற அம்மாவுக்குச் சம்பளமும் புடவையும், பேர் வைக்கிற விசேஷம், கொலுசு, காப்பு... அவங்க பக்கம் ஓசையில்லாம ஏறிக்கிட்டே போகும். "மாமா, ஆஸ்பத்திரி பில் எங்க இன்சூரன்ஸ்ல வரட்டும், மீதியை நாங்க பார்த்துக்கிறோம்"னு மாப்பிள்ளை முதல்லயே சொல்லிட்டா, அந்த வீட்ல எல்லாரும் நிம்மதியா தூங்குவாங்க.

வளைகாப்புக்கு மண்டபமும் போட்டோ ஷூட்டும் வேணுமான்னும் அப்பவே முடிவு பண்ணிடுங்க. "பிறக்கிறதுக்கு முன்னாடி எதுவும் வாங்காதே"ன்னு பாட்டி சொல்றது பர்சுக்கும் நல்லதுதான். ஆரம்பத்துல தேவைப்படுறது பழைய காட்டன் புடவையில ஒரு தூளி, மெத்துனு கிழிச்சு வச்ச வேட்டித் துணி, டயப்பர் கொஞ்சம். தொட்டில், ஸ்ட்ரோலர் எல்லாம் அக்கா வீட்ல இருந்து வருதான்னு பார்த்துட்டு வாங்கலாம்.

"டேகேருக்குக் கொடுக்கவா சம்பாதிக்கணும்?"

இந்த வசனம் ஏதாவது ஒரு சொந்தக்காரர் வாயிலிருந்து கட்டாயம் வரும். கணக்கு எப்பவும் அம்மாவோட சம்பளத்துல இருந்தே கழிக்கப்படும்: "உன் சம்பளம் 38,000, டேகேர் 10,000, போக்குவரத்து 3,000, அப்புறம் என்ன மிச்சம்?"

இந்தக் கணக்கே தப்பு. டேகேர் இருக்கிறதாலதான் அப்பாவும் கவலையில்லாம வேலைக்குப் போறார். அப்போ அது ரெண்டு சம்பளத்துல இருந்தும் போகணும். 83,000-ல 10,000 அது. வேலையை விட்டா போறது 38,000 மட்டும் இல்லை. பிஎஃப், அடுத்த இன்கிரிமென்ட், குரூப் இன்சூரன்ஸ் எல்லாம் போகும். சில வருஷம் கழிச்சு வேலை தேடும்போது பழைய இடத்துல இருந்து ஆரம்பிக்கிறதும் கஷ்டம். 50 பேருக்கு மேல வேலை பார்க்கிற நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தரணும்னு சட்டமே சொல்லுது. உங்க ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தீங்களா?

அதுக்காக வீட்ல இருக்கணும்னு நினைக்கிறது தப்புன்னு சொல்லலை. அவங்களே மனசார எடுத்த முடிவுன்னா அதுவும் நல்ல முடிவுதான். ஆனா அப்போ ஒரு விதி வச்சிக்கோங்க: வருமானம் இல்லாத மாதங்கள்லயும் அவங்க பேர்ல, அவங்க அக்கவுண்ட்ல ஒரு தொகை முதலீடா போகணும், 2,000 ரூபாயா இருந்தாலும். குழந்தை ரெண்டு பேருக்கும்தான். ரிட்டயர்மென்ட் சேமிப்புல ஓட்டை மட்டும் ஏன் ஒருத்தருக்கே விழணும்?

பெரியவங்க வந்து பார்த்துக்கப் போறாங்கன்னா, அதை "இலவச டேகேர்"னு பட்ஜெட்ல எழுதாதீங்க. அவங்க மாத்திரை, ரயில் டிக்கெட், கைச்செலவுன்னு ஒரு தொகையை ஒதுக்கிடுங்க.

பேப்பர் வேலைகள்

- பன்னிரண்டு வாரத்துக்குள்ள அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பத்தைப் பதிவு பண்ணி பிக்மி எண் வாங்குங்க. தனியார்ல பார்த்தாலும் தமிழ்நாட்ல பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் கேட்பாங்க.
- குழந்தை பிறந்து 21 நாளுக்குள்ள பிறப்பைப் பதிவு பண்ணா கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியே அனுப்பினாலும் அப்பா, அம்மா பேர் எழுத்துப்பிழை இல்லாம இருக்கான்னு பாருங்க.
- கல்யாணத்துக்கு முன்னாடி பிஎஃப்ல போட்ட நாமினேஷன் கல்யாணத்தோட செல்லாம போயிடும். இன்னைக்கே ஆன்லைன்ல புதுசா போடுங்க. பிஎஃப் கணக்கோட சேர்ந்து வர்ற இடிஎல்ஐ காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம். அதுவும் நாமினிக்குத்தான் போகும்.
- டெர்ம் இன்சூரன்ஸ் இல்லைன்னா அப்பா இப்பவே எடுக்கட்டும். அம்மாவுக்குச் சில கம்பெனிகள் பிரசவம் முடியட்டும்னு சொல்லலாம். பிறகு மறக்காம எடுங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஆயுள், ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை.
- பெண் குழந்தைன்னா செல்வமகள் திட்டம் இருக்கு. வருஷத்துக்கு குறைஞ்சது 250, அதிகபட்சம் 1.5 லட்சம். பத்து வயசு வரைக்கும் தொடங்கலாம். அவசரமே இல்லை. பர்சனல் லோன் முடியட்டும்.

கடைசியா ஒண்ணு. குக்கர் விசில் சத்தம் கேட்டாலே குமட்டுற நாள்ல இந்தப் பேச்சை எடுக்காதீங்க. அவங்களுக்கு உடம்பு கொஞ்சம் தெளிவா இருக்கிற ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு பேரோட சம்பள ஸ்லிப், ஒரு பழைய டைரி, ஒரு பேனா. மேல இருக்கிற உதாரணத்துல உங்க எண்களைப் போட்டு, அந்த ஆறு மாதத்துல எவ்வளவு துண்டு விழுதுன்னு மட்டும் கண்டுபிடிங்க. அந்த ஒரு எண் தெரிஞ்சா, எதைக் குறைக்கணும், எந்தக் கடனை முதல்ல முடிக்கணும்னு தானா தெரியும். குழப்பம் இருந்தா உங்க கணக்கை கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து பார்ப்போம்.