மூட்டு ஆபரேஷனுக்கு பிறகு கால் எத்தனை டிகிரி மடங்குது? அளவு தவறினால் சிகிச்சையும் தவறும்!

பண்ருட்டி:

"என்னம்மா, போன வாரத்துக்கு இந்த வாரம் கால் நல்லா மடங்குதே?"

"எங்க தம்பி மடங்குது? கக்கூஸ்ல உட்கார முடியலையே!"

மூட்டு பயிற்சி நடக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இரண்டு பேர் சொல்வதும் கண் மதிப்புதான். உண்மை நிலவரத்தை சொல்வது டிகிரி கணக்கு. அந்த கணக்கை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

பண்ருட்டி வட்டாரத்தில் இது பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். தரையில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்கும், பலா மரம் ஏறி காய் இறக்கும் தொழிலாளிகளுக்கும் முழங்கால்தான் மூலதனம். கால் மடங்காவிட்டால் கூலி இல்லை.

எதற்கு எத்தனை டிகிரி?

நேராக நீட்டிய கால் 0 டிகிரி. சுவரும் தரையும் சேரும் மூலை போல மடக்கினால் 90 டிகிரி. நல்ல முழங்கால் சுமார் 135 முதல் 140 டிகிரி வரை மடங்கும்.

சமதரையில் நடக்க சுமார் 60 முதல் 65 டிகிரி போதும். மாடிப்படி ஏறி இறங்கவும், நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவும் 90 டிகிரிக்கு மேல் இருந்தால் சிரமம் இருக்காது. தரையில் குந்தி உட்கார சுமார் 130 டிகிரி வேண்டும். ஆகவே, "90 வந்துடுச்சு" என்றால் நாற்காலி வேலைக்கு ஓரளவு சரி. முந்திரி உடைக்க உட்கார அது பத்தாது.

அளப்பது எப்படி?

அளக்கும் கருவியின் பெயர் கோனியோமீட்டர். பள்ளிக்கூட பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்சில் இருக்கும் கோணமானியில் இரண்டு நீள ஸ்கேலை மாட்டிய மாதிரி இருக்கும்.

அளக்கும் முறை வருமாறு:-

* கெட்டியான கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும். ஒரு நாள் படுத்து, ஒரு நாள் உட்கார்ந்து அளந்தால் கணக்கு மாறிவிடும்.

* சேலை, லுங்கியை ஒதுக்கிவிட வேண்டும். துணி மேல் வைத்து அளந்தால் எலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

* கருவியின் நடுப்புள்ளி முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் இருக்க வேண்டும். ஒரு கை இடுப்பு பக்கம் தொடை மேலே தட்டுப்படும் எலும்பை பார்த்தும், இன்னொரு கை வெளிக்கணுக்கால் எலும்பை பார்த்தும் இருக்க வேண்டும்.

* முதலில் குதிகாலுக்கு கீழே துண்டை மடித்து வைத்து, கால் முழுசாக நீளுகிறதா என்று பார்க்க வேண்டும். 10 டிகிரி நீளாமல் நின்றாலும் நடையில் நொண்டல் வரும். பலர் மடக்கத்தை மட்டும் பார்த்து இதை விட்டுவிடுகிறார்கள்.

* பிறகு குதிகாலை இடுப்பு நோக்கி இழுத்து மடக்க வேண்டும். தானாக மடக்கியது எத்தனை, அடுத்தவர் கை கொடுத்து மடக்கியது எத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

* பயிற்சிக்கு முன்பா, பின்பா என்பதும் முக்கியம். பயிற்சி முடிந்ததும் கால் இளகி கூடுதலாக மடங்கும்.

5 டிகிரியை நம்பாதீர்கள்!

ஒரே ஆள் ஒரே முறையில் அளந்தாலும் சுமார் 5 டிகிரி ஏற இறங்க வரும். ஆள் மாறினால் வித்தியாசம் இன்னும் கூடலாம். 85 டிகிரி 88 ஆனதும் சந்தோஷப்படவும் வேண்டாம், 82 ஆனதும் மனசு உடையவும் வேண்டாம். 85 டிகிரி 95 ஆகி, அடுத்த வாரமும் அப்படியே நின்றால் அதுதான் முன்னேற்றம்.

சில இடங்களில் நேரான காலை 180 என்று எழுதும் பழக்கமும் உண்டு. அந்த கணக்கில் 120 என்றால் கால் 60 டிகிரிதான் மடங்குகிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரி மாறும்போது எந்த கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்?

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கு பொதுவாக 6 வாரத்துக்குள் 90 டிகிரி வர வேண்டும் என்று டாக்டர்கள் எதிர்பார்க்கிறார்கள். வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிட வழி உண்டு. ஆனால் நாள் தள்ளிப்போனால் உள்ளே தழும்பு இறுகி அதுவும் கஷ்டமாகிவிடும். 75 டிகிரியை "கிட்டத்தட்ட 90" என்று எழுதிவிட்டால் அந்த நேரம் கை நழுவிப் போகும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் இதே கதைதான். கால் பாதிப்பின் சதவீதத்தை கணக்கிடும்போது மூட்டு அசையும் அளவும் சேரும். 2016-ம் ஆண்டு சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். அந்த எல்லையில் நிற்பவருக்கு சில டிகிரி கூட பெரிய விஷயம்.

வீட்டிலேயே பார்க்கலாம்

2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் சேவைகளில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதும் ஒன்று. வருகிறவரிடம் அன்றைய டிகிரியை கேட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள்.

கருவி இல்லாத நாளில் தையல் டேப் போதும். படுத்தபடி காலை மடக்கி, குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். தூரம் குறைந்தால் மடக்கம் கூடுகிறது.

மூட்டு சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ டிகிரிக்கு ஆசைப்பட்டு மடக்கக்கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

செயற்கை மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 டிகிரி வரைதான் மடங்கும். அதை வைத்துக்கொண்டு தரையில் குந்தி வேலை செய்ய டாக்டர்கள் பொதுவாக சம்மதிப்பதில்லை. நோட்டில் உள்ள கணக்கை காட்டி, "எனக்கு ஸ்டூலும் மேஜையும் போட்டுக் கொடுங்க" என்று வேலை செய்யும் இடத்தில் தைரியமாக கேட்கலாம்.