கிரிஸ்டல் கோப்பையில் கிரிஸ்டலே இல்லை, தெரியுமா?

கற்கண்டு கிரிஸ்டல். உப்பு கிரிஸ்டல். வைரமும் கிரிஸ்டல்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் விலை சொல்லி, வெல்வெட் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களே ‘கிரிஸ்டல்’ கோப்பை, அது மட்டும் கிரிஸ்டல் இல்லை! கிரிஸ்டல் என்றால் உள்ளே அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடிக்குள் அணுக்கள் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன.

அப்படியானால் அந்த மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது? காரீயத்திலிருந்து! மீன் வலையில் குண்டாகத் தொங்குமே, கார் பேட்டரிக்குள் கிடக்குமே, அதே கருத்த, மங்கிய காரீயம். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துப் பதற வேண்டாம். அது வெள்ளீயம், வேறு உலோகம்.) மணலோடும் பொட்டாஷோடும் காரீய ஆக்ஸைடைச் சேர்த்து உருக்குகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் மிருதார்சிங்கி என்ற பெயரில் இருப்பதும் ஒரு காரீய ஆக்ஸைடுதான். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதற்குச் சட்டமே உண்டு: 1969-ல் வந்த ஐரோப்பிய விதிப்படி 24 சதவீதம் இருந்தால்தான் ‘காரீயக் கிரிஸ்டல்’ என்று போடலாம். 30 சதவீதம் இருந்தால் ‘முழுக் காரீயக் கிரிஸ்டல்’. ஒரு கோப்பையின் எடையில் கால் பங்கு காரீய ஆக்ஸைடு என்றால் கை கனக்காமல் என்ன செய்யும்?

காரீய அணு ஒவ்வொன்றிலும் 82 எலக்ட்ரான்கள். உள்ளே நுழையும் ஒளி இந்தக் கூட்டத்தில் சிக்கி வேகம் குறைகிறது, அதிகமாக வளைகிறது, வானவில் நிறங்களாகப் பிரிந்து வெளியே சிதறுகிறது. 18-ம் நூற்றாண்டில் பாரிஸில் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்ட்ராஸ் என்ற நகைக்காரர் இதே கண்ணாடியைப் பட்டை தீட்டிப் போலி வைரம் செய்தார். அரசவைச் சீமாட்டிகளே அதற்கு மயங்கினார்கள்!

தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சாதாரண டம்ளர் ‘டக்’ என்று அடங்கிவிடும். கிரிஸ்டல் ‘ணங்...’ என்று நீளும். சாதாரணக் கண்ணாடியில் இருக்கும் சிறிய சோடியம் அயனிகள் இடம் மாறி மாறி அதிர்வைத் தின்றுவிடுகின்றன. கிரிஸ்டலில் இருப்பது பொட்டாஷிலிருந்து வந்த பொட்டாசியம். உருவத்தில் பெரியது, எளிதில் நகராது.

கிரிஸ்டல் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கியவர் லண்டனின் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட், 1674-ல். முதலில் அவர் செய்த கண்ணாடி, மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டு மங்கிப்போனது. பொட்டாஷ் மிகுதி, காற்றின் ஈரம் அதை உறிஞ்சி எடுத்துவிட்டது. காரீயம் சேர்ந்தபின் அந்த நோய் தீர்ந்தது. நம்பிக்கைக்கு அடையாளமாகக் கோப்பையில் அண்டங்காக்கைத் தலை முத்திரை வைத்து விற்றார். ஆனால் உலகிலேயே முதன்முதலில் கண்ணாடியில் காரீயம் கலந்தவர் அவரல்லர். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே காரீயமும் பேரியமும் கலந்த கண்ணாடி மணிகள் கோத்திருக்கிறார்கள்!

கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி போட்ட அரசாங்கம் உண்டு, தெரியுமா? பிரிட்டனில் 1745-ல் கொண்டுவந்தார்கள். கனத்த கிரிஸ்டலுக்கு இதைவிடக் கெட்ட செய்தி வேண்டுமா? தொழிலாளிகள் கோப்பையை மெலிதாக்கினார்கள். அயர்லாந்திலோ அந்த வரி இல்லை. 1783-ல் வாட்டர்ஃபோர்டில் ஆலை எழுந்தது, கனமான பட்டை வேலைக்கு உலகப் புகழும் வந்தது. வரி 1845-ல் ஒழிந்தது. ஆறே ஆண்டுகளில், 1851 லண்டன் கண்காட்சியில், பர்மிங்காமின் ஆஸ்லர் கம்பெனி நான்கு டன் கண்ணாடியில் 27 அடி உயர நீரூற்றையே நிறுத்திவிட்டது! அதே ஆஸ்லர் கல்கத்தாவில் கடை விரித்து, நம் மகாராஜாக்களுக்குக் கண்ணாடி நாற்காலியும் விற்றது. உட்கார்ந்தால் சுகமாக இருந்திருக்காது என்பது என் கட்சி.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த கதை. முகப்பில் ஒற்றை லென்ஸ் வைத்த பழைய தொலைநோக்கிகளில் நட்சத்திரத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தெரியும். அதை லென்ஸால் ஒழிக்கவே முடியாது என்று நியூட்டன் கைவிரித்துவிட்டார். செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞருக்கு மட்டும் ஒரு யோசனை. சாதாரணக் கண்ணாடி லென்ஸோடு காரீயக் கண்ணாடி லென்ஸை ஒட்டவைத்தால் ஒன்றின் குற்றத்தை மற்றது அழித்துவிடாதா? ரகசியம் வெளியேறக் கூடாதென்று இரண்டு லென்ஸ்களையும் இரண்டு வேறு கடைகளில் செய்யக் கொடுத்தார். இரண்டு கடைக்காரர்களும் வேலையை வெளியே ஒருவரிடம் தள்ளிவிட்டார்கள். இருவரும் தள்ளியது ஒரே ஆளிடம்! ஜார்ஜ் பாஸ் என்ற அந்தத் தொழிலாளி இரண்டு லென்ஸும் ஒரே அளவு என்பதைக் கவனித்தார், விசாரித்தார், வாடிக்கையாளரும் ஒருவரே என்று கண்டுகொண்டார். பூனை வெளியே வந்துவிட்டது. பாஸ் வழியாகச் செய்தி ஜான் டாலண்டுக்குப் போக, அவர் 1758-ல் காப்புரிமை வாங்கிக்கொண்டார். ஹால் தம் வேலையை ஊருக்குச் சொல்லவே இல்லையே!

இன்னொரு அதிசயம் மைக்கேல் ஃபாரடேயுடையது. மின்சார மேதைக்குக் கண்ணாடிச் சூளையில் என்ன வேலை? 1825 முதல் சில ஆண்டுகள், ராயல் சொசைட்டிக்காக நல்ல லென்ஸ் கண்ணாடி செய்ய உலையோடு மல்லுக்கட்டினார். சந்தைக்கு உதவும்படி ஒன்றும் தேறவில்லை. காரீயமும் போரிக் அமிலமும் கலந்த கனத்த கண்ணாடித் துண்டு சில மிச்சம். 1845 செப்டம்பரில் அதில் ஒன்றை மின்காந்தத்தின் முனையில் வைத்து, முனைவாக்கிய ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, செலுத்தினார். ஒளி அதிரும் தளம் திரும்பியது! ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று உலகம் கண்ட முதல் சான்று அந்தத் தோற்றுப்போன கண்ணாடியில் கிடைத்தது.

இவ்வளவு அழகான கிரிஸ்டல் குடுவையில் மதுவை மாதக்கணக்கில் ஊற்றி வைத்தால் என்ன ஆகும்? 1991-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது: லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் காரீயம் இருந்த போர்ட் ஒயினில் நான்கே மாதத்தில் சராசரியாக 3,518 மைக்ரோகிராம்! குடிநீரில் 10-க்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலுமிச்சைச் சாறு, ஊறுகாய் போன்ற புளிப்பானவையும் காரீயத்தைக் கரைத்தெடுக்கும். அலமாரியில் அழகுக்கு நிற்கட்டும், சேமிக்க வேண்டாம். சின்னக் குழந்தைக்கு அதில் எதுவுமே கொடுக்க வேண்டாம். கிரிஸ்டலுக்குப் பேர்போன ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம்கூட 2012-ல் காரீயத்தைக் கைவிட்டுவிட்டது.

எங்கள் வீட்டில் ஏது கிரிஸ்டல் என்கிறீர்களா? இருந்தது! தமிழக அரசு 2006 முதல் வீடு வீடாகக் கொடுத்த இலவச கலர் டிவி ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பழைய படக்குழாயின் பின்பக்கக் கூம்பு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காரீய ஆக்ஸைடு கலந்த கண்ணாடி. உள்ளே சீறிப் பாயும் எலக்ட்ரான்கள் கிளப்பும் எக்ஸ் கதிர் வெளியே கசியாமல் தடுக்கும் கவசம் அது. பரணில் இன்னும் கிடந்தால் உடைக்காதீர்கள். ஸ்கேன் மையத்தில் எக்ஸ்ரே அறையின் ஜன்னலிலும் காரீயக் கண்ணாடிதான்.

அணுத்துகள்களை அளக்கவும் இந்தக் கண்ணாடி உதவியிருக்கிறது. ஜெனீவாவின் செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தில் ஓபல் என்ற கருவியின் நடுப்பகுதியில் மட்டும் 9,440 காரீயக் கண்ணாடிக் கட்டிகள் இருந்தன. கண்ணாடிக்குள் ஒளி போகும் வேகத்தையும் மிஞ்சிப் பாயும் துகள், ஒரு நீல ஒளியைக் கக்கும். அதை அளந்தால் துகளின் ஆற்றல் தெரிந்துவிடும். 2000-ல் ஓபலின் வேலை முடிந்தது. கட்டிகளை வீசிவிடவில்லை. அவற்றில் ஒரு பகுதியைத் துடைத்தெடுத்து என்ஏ62 என்ற புதிய சோதனைக்குள் பொருத்தி, மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்!