காலப் பயணமா, மனநோயா? - 'அன்டன்' சீரிஸும் நம்ம வீடுகள் மறைக்கும் கதையும்

இறந்துபோன உங்க அப்பா திடீர்னு கண்முன்னாடி வந்து நிற்கிறார். "என் சாவு விபத்து இல்ல. உன்னால காலத்துல பின்னாடி போக முடியும், போய் என்னைக் காப்பாத்து"ங்கிறார். உங்களுக்கு அது அவ்வளவு நிஜம். ஆனா, அம்மா, தங்கச்சி, பாய் ஃப்ரெண்டுனு சுத்தி இருக்கிற எல்லாரும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்... "உனக்கு உடம்பு சரியில்ல. டாக்டரைப் பார்க்கலாம்." நீங்க யாரை நம்புவீங்க?

அமேசான் ப்ரைமில் இருக்கும் 'அன்டன்' சீரிஸின் கதை இதுதான். 2019-ல் முதல் சீசன், 2022-ல் இரண்டாவது. தலா எட்டு எபிசோடு, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சங்கரன்கோவில்ல பஸ் ஏறினா ராஜபாளையம் வர்றதுக்குள்ள ரெண்டு எபிசோடு பார்த்துடலாம். நிஜ நடிகர்களை நடிக்கவைத்து, அந்தக் காட்சியின் மேலேயே ஓவியமாக வரைந்திருக்கிறார்கள். ரோட்டோஸ்கோப்னு பேரு. நிஜத்துக்கும் கற்பனைக்கும் நடுவில் மிதக்கிற மாதிரி இருக்கும். கதைக்கு அதைவிடப் பொருத்தமான ஸ்டைல் கிடையாது. (இனி கொஞ்சம் ஸ்பாய்லர் வரும். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.)

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் வாழும் அல்மாவுக்கு 28 வயசு. ஒரு கார் விபத்துக்குப் பிறகுதான் இறந்த அப்பா ஜேக்கப் அவளுக்குத் தெரிய ஆரம்பிக்கிறார். ஜேக்கப்பின் அம்மா, அதாவது அல்மாவின் பாட்டி ஜெரால்டினுக்கு மனச்சிதைவு நோய். ஸ்கிசோஃப்ரினியா. 'பாட்டிக்கு இருந்தது நோய் இல்ல, காலத்தைத் தாண்டிப் பார்க்கிற சக்தி, அது உனக்கும் இருக்கு' என்பது அப்பாவின் வாதம். 'பாட்டிக்கு வந்த நோய் இவளுக்கும் வந்துடுச்சோ' என்பது அம்மாவின் பயம். சீரிஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேட் பர்டியின் பாட்டிக்கும் இதே நோய் இருந்தது. பேட்டிகளில் அவரே வெளிப்படையாகச் சொன்ன விஷயம் இது.

நோயா, நிஜமாங்கிற கேள்விக்கு முதல் சீசன் கடைசி வரை பதில் சொல்லாது. அல்மாவின் முகத்தில் வெளிச்சம் விழும், அவ்வளவுதான், கட். ஆனா, கவனிச்சுப் பார்த்தீங்கன்னா அல்மா எந்தக் காலத்துக்குப் போனாலும் அவள் கண்டுபிடிப்பது ஏதாவதொரு குடும்ப ரகசியத்தைத்தான். அப்பாவின் மரணத்துக்குப் பின்னால் அவரே மறைத்த ஒரு விஷயம் இருக்கிறது. விபத்துக்கு முன்பே பிரேக்-அப் ஆகிவிட்டதை, நினைவிழந்த அல்மாவிடம் பாய் ஃப்ரெண்ட் சாம் மறைக்கிறான். கல்யாணத்துக்கு முன்பு பிறந்த ஒரு மகனைப் பற்றி அம்மா கமீலா வாயே திறக்கவில்லை. போலந்தில் யூதச் சிறுமியாக இருந்த நாள்களில் தன் அம்மாவை இழந்த குற்றவுணர்வை, பாட்டி ஆயுள் முழுக்க உள்ளே போட்டுப் பூட்டிவைத்திருக்கிறாள். டைம் டிராவல் என்பது சும்மா ஒரு சாவி. வீட்டில் யாரும் சொல்லாததைத் தெரிஞ்சுக்க அல்மாவுக்குக் காலத்தையே தாண்ட வேண்டியிருக்கு, அதான் மேட்டர்.

இப்போ அல்மாவைக் கொஞ்சம் இடம் மாத்திப் பார்ப்போம். அவள் சான் அன்டோனியோவில் பிறக்காமல், தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூரில் பிறந்திருந்தால்?

"செத்துப்போன அப்பா வந்து பேசுறாரு"னு சொன்ன முதல் நாளே, 'காத்துக்கருப்பு அடிச்சிருக்கு'னு முடிவாகியிருக்கும். திருநீறு மந்திரிச்சுப் போட்டு, தாயத்துக் கட்டி, யாராவது ஒருத்தர்கிட்ட குறி கேட்டிருப்பாங்க. அப்புறம் சங்கரநாராயணர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அங்கே கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் ஸ்ரீசக்கரம் பதித்த ஒரு குழி உண்டு. மனசு சரியில்லாதவங்களையும் பேய் பிடிச்சதா நம்பப்படுறவங்களையும் அதில் உட்காரவைத்து வேண்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். இத்தனைக்கும் பிறகும் சரியாகலைன்னா, தெருவில் அவளுக்கு ஒரு பேர் விழுந்திருக்கும்: 'கோட்டி'. தென்பக்கத்துக்காரங்களுக்கு அந்தச் சொல்லோட எடை தெரியும்.

"படிச்சவங்க இதெல்லாம் நம்பலாமா?"னு கமென்ட் போடத் தோணுதா? ஒரு நிமிஷம். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை, மனநல மருத்துவர் ரகுராமின் குழு பரிசோதித்தது. அதில் 23 பேருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து கிடையாது, பெரிய சடங்கும் கிடையாது. கோலம் போடுறது, செடிக்குத் தண்ணீர் ஊத்துறதுனு சின்னச் சின்ன வேலை. கூடவே துணைக்குக் குடும்பத்தில் ஒருவர். கிளம்பும்போது, நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவிகிதம் குறைந்திருந்தது!

இதைப் படிச்சுட்டு 'அப்போ மாத்திரை வேண்டாம்'னு முடிவு பண்ணிடாதீங்க. அது சின்ன ஆய்வு. மருந்தில்லாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆய்வாளர்களே சாமியின் சக்தினு சொல்லலை, அடி உதை, மிரட்டல் இல்லாத ஆதரவான சூழலைத்தான் காரணமாகக் காட்டினார்கள். அந்தச் சூழல் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் நம்ம மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி இறந்தார்கள். தர்காவுக்கு அழைத்துவந்து, காப்பகத்தில் விட்டுவிட்டு, ஊருக்குத் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது.

ரெண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம்? ஓர் இடத்தில் வீட்டு ஆள் பக்கத்தில் படுத்திருந்தார். இன்னோர் இடத்தில் வீட்டுக்கே ஆளை மறைக்க வேண்டியிருந்தது.

இந்த மறைக்கிற பழக்கம்தான் 'அன்டன்' நம்மைக் குத்துகிற இடம். உங்க சொந்தத்தில் யோசிச்சுப் பாருங்க. கல்யாணமே பண்ணிக்காத ஒரு பெரியப்பா, 'சாமியாராப் போயிட்டார்'னு சொல்லப்படுற ஒரு மாமா, விசேஷத்துக்கு மட்டும் உள் அறையைவிட்டு வெளியே வராத ஓர் ஆச்சி. "அவங்களுக்கு என்ன?"னு கேட்டா, "சின்னப்புள்ள, நீ போய்ப் படி"ங்கிறதுதான் பதில். காரணமும் நமக்குத் தெரியும். வெளியே தெரிஞ்சா வீட்டில் இருக்கிற பொண்ணுங்களுக்கு வரன் அமையாது. அந்தப் பயத்தைக் கிண்டல் பண்ண முடியாது. அது நிஜமான பயம், ஊர் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

ஆனா, இந்த மௌனத்துக்கு விலை இருக்கு. மனநல மருத்துவர் முதல் சந்திப்பிலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று, "குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா?" இங்கே "இல்ல டாக்டர்"னு சொன்னா, நோயைச் சீக்கிரம் அடையாளம் காண உதவும் ஒரு முக்கியத் தடயம் தொலைஞ்சது. இந்த நோய் பெரும்பாலும் 'டீன்ஏஜ்' முடிவுக்கும் முப்பதுகளுக்கும் இடையில் தலைகாட்டும். காலேஜ், முதல் வேலை, கல்யாணப் பேச்சுனு இருக்கிற வயசு. தூக்கம் கெடுறது, தனியா ஒதுங்குறது, யாரோ தன்னைப் பத்திப் பேசுறாங்கனு சந்தேகப்படுறதுனு ஆரம்பிக்கும்போதே பிடித்தால், மீண்டு வரும் வாய்ப்பு அதிகம். நம்மில் எத்தனை பேர் பிடிக்கிறோம்? நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்கு நோய் மாறுபட்டாலும் 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை.

சரி, 'பாட்டிக்கு இருந்தா எனக்கும் வருமா?' அல்மாவின் வீட்டையே ஆட்டிப்படைக்கும் கேள்வி இது. பொதுவாக ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு சுமார் 1 சதவிகிதம். அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் அது சுமார் 10 சதவிகிதம். திருப்பிச் சொன்னா, 90 பேருக்கு வராது. ஒரே மரபணுவோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். மீதியை வாழ்க்கை தீர்மானிக்கிறது. சிறுவயது அதிர்ச்சிகள், கஞ்சா மாதிரியான போதைப் பழக்கம், தொடர் மன அழுத்தம்னு காரணங்கள் நிறைய. 'எங்க பரம்பரைச் சாபம்'னு ஒதுங்குறதும் தப்பு, 'எங்க வம்சத்துலயே கிடையாது'னு மார்தட்டுறதும் தப்பு.

குடும்பம் நோயை உண்டாக்குதுனு சொல்ல முடியாது. ஆனா, நோய் திரும்ப வருவதில் அதற்குப் பங்கு உண்டு. 1950-களின் இறுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் விநோதமான ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியில் இருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய நோயாளிகள்தான், வாடகை அறைக்குப் போனவர்களைவிட அதிகமாகத் திரும்ப நோயில் விழுந்தார்கள். தோண்டிப் பார்த்ததில் சிக்கியது வீட்டுப் பேச்சு. ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, கூடவே அளவுக்கு மீறிய அரவணைப்பு. மூணாவதைக் கவனிங்க. "அவன் கையால ஒரு டம்ளர்கூட எடுக்கவிட மாட்டேன்"ங்கிற பாசமும் இந்தப் பட்டியலில் இருக்கு! பின்னாளில் சண்டிகரில் இதே ஆய்வைச் செய்தபோது, இந்தியக் குடும்பங்களில் இந்தக் குணங்கள் லண்டனைவிடக் குறைவாகவே தெரிந்தன. நம்ம கூட்டுக் குடும்பத்துக்குக் கிடைச்ச அபூர்வமான பாஸ் மார்க்.

'அன்டன்' மேல எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. நோயை சூப்பர் பவர் மாதிரி காட்டும்போது, மாத்திரை என்பது அந்தப் பவரைப் பிடுங்க வரும் வில்லன் ஆகிவிடுகிறது. திரையில் அது சுவாரஸ்யம். ஆனா, மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிட்டுத் துப்புற ஓர் அண்ணன் இருக்கிற வீட்டில், அது சுவாரஸ்யமா இருக்காது.

இந்த விஷயத்தில் நம்ம சன் டி.வி தொடர் ஒண்ணு ரொம்பவே தெளிவு. தொண்ணூறுகளின் பிற்பாதியில் மறைந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய மர்மதேசத்தின் 'விடாது கருப்பு'. ஒரு கிராமமே கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிப்பதாக நடுங்கும். கடைசியில் விடை கிடைப்பது சாமியிடம் இல்லை. சின்ன வயசில் பாட்டி வீட்டில் மனசு உடைந்துபோன ஒரு பையனிடம். அது சயின்ஸ் ஃபிக்‌ஷன் இல்லைதான். ஆனா, ஊரே சாமினு சொன்னதுக்குப் பின்னால ஒரு குடும்பம் பேசாம விட்ட கதை இருந்துச்சுனு, ஸ்மார்ட்போன் வர்றதுக்கு முன்னாடியே நம்ம வீட்டு ஹால்ல உட்காரவைத்துச் சொன்ன தொடர் அது. உங்க அம்மாகிட்ட கேளுங்க, குதிரைச் சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கும்.

அப்படியே இன்னொண்ணும் கேளுங்க. ஆச்சிக்கு என்ன ஆச்சு, பெரியப்பா ஏன் அப்படி ஆனார்னு. விசேஷ வீட்டில் பத்துப் பேர் முன்னாடி வேண்டாம். அம்மாவோ அத்தையோ தனியா வெங்காயம் உரிச்சுட்டு இருக்கிற நேரம் போதும். குற்றம் சாட்டாம, "டாக்டர் கேட்டா நான் சொல்லணும்ல"னு ஆரம்பிச்சா பாதிக் கதவு திறக்கும்.

வீட்டில் யாருக்காவது இப்போதே அறிகுறி தெரிஞ்சா, 'நோயா, காத்தா'னு பட்டிமன்றம் வேண்டாம். "உனக்குக் கேட்குறது பொய்"னு சண்டையும் போடாதீங்க, "ஆமா, எனக்கும் கேட்குது"னு ஒத்தும் ஊதாதீங்க. "உனக்கு அது பயமா இருக்குனு புரியுது, நான் கூட இருக்கேன்"னு சொல்லலாம். 'டெலி மானஸ்' உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். தென்பக்கத்துக்காரங்களுக்கு, நேரில் பார்க்க திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது உங்கள் உரிமைனு 2017 சட்டமே சொல்லுது, அதனால 'ஊருக்குத் தெரிஞ்சிடுமே'ங்கிற தயக்கம் வேண்டாம். கோமதி அம்மனை வேண்டிக்கணும்னு வீட்டில் ஆசைப்பட்டா, தாராளமா போயிட்டு வாங்க. போகும்போது அன்றைய மாத்திரையையும் பையில் எடுத்துக்கோங்க.